கொட்டியாரப்பற்றின் ஓடத்துறைகள்

கிழக்கு மாகாணத்திலே "பாதை" என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மனிதர் நடந்து செல்லும் வழியும் பாதையே. ஆற்றையும் களப்பையும் கடப்பதற்காக மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையும் பாதையே. மண்முனைத்துறைப் பாதை, அம்பிளாந்துறைப் பாதை என்றெல்லாம் மட்டக்களப்பிலே வழங்குவர். "இன்று பாதை ஓடவில்லை" என்று ஒருவர் சொல்லக் கேட்டால் வெளியூரார் திகைத்துப் போவர். ஓடுவதும் ஓடாதிருப்பதும் பாதையின் தொழிலா என்று நகைப்பவரும் உண்டு. ஆயினும் எம் முன்னோர் இச்சொல்லைப் பொருளறியாது வழங்கினார் அல்லர். தெருவானது நீர்க்கரையோடு முடிந்துவிடுவதில்லை. நீரின்மேலும் அது தொடர்ந்து சென்று, அக்கரையிலே மீண்டும் ஏறுகின்றது. மிதவை நின்றுவிட்டால் தெருவே அறுந்துவிட்டது என்பது பொருள். தெருவைப் பேணுவோர் மிதவையையும் பேணக் கடமைப்பட்டவர் என்ற நீதி இவ்வொரு சொல்லுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே.

நான் கடமை செய்வது திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஈச்சிலம்பற்று. இப்பகுதியைத் தீவு என்று எவரும் அழைப்பதில்லை. எனினும் நிலப்படத்தை எடுத்துச் சற்று நோக்குங்கள். 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் மகாவலி கங்கை கடலை அணுகும்போது கிளை பிரிகின்றது. ஒரு கிளை வடக்கே சென்று மூதூருக்கு அருகில் கொட்டியாரக் குடாவிலே விழுகின்றது. மற்றொரு கிளை வெருகலாறு என்னும் பெயரோடு தெற்கே வந்து கடலோடு கலக்கின்றது. இவ்விரு கைகளுக்கும் இடையே அகப்பட்ட நிலத்துக்கு வடக்கிலே குடா. கிழக்கிலே வங்கக் கடலும் களப்புகளும். எப்புறம் திரும்பினும் நீர். பழைய திருகோணமலைப் பிரிவுகள் நான்கனுள் ஒன்றாகிய கொட்டியாரப்பற்றின் பெரும்பகுதி இவ்வாறு ஆற்றாலும் கடலாலும் சூழப்பட்ட நிலமேயாகும். அதன் தென் எல்லையில் இருப்பது எங்கள் ஈச்சிலம்பற்று. இலங்கைத்துறை முகத்துவாரம் என்னும் எங்கள் ஊர்ப் பெயரிலேயே துறையும் உண்டு, முகத்துவாரமும் உண்டு. நெல்லும் மீனும் பாலும் நிறைந்த இந்நிலத்துக்குக் குறைவாயிருந்தது ஒன்றே: நம்பத்தக்க அக்கரைப் பயணம்.

இக்குறை, குடாவின் பெருமைக்கு அருகே வைத்து நோக்கும்போதுதான் நன்கு விளங்கும். திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அதனோடு சேர்ந்த கொட்டியாரக் குடா கண்டி அரசுக்குக் கடல்வாயிலாக விளங்கியது. புயலிலே பாய்மரம் இழந்த "ஆன்" என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடுவதற்கு இக்குடாவையே நாடி வந்தது. 1660ஆம் ஆண்டிலே கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் பிறரும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டது மூதூர்க் கரையிலேதான். ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலே தடுத்து வைக்கப்பட்டு, 1679ஆம் ஆண்டில் தப்பிச் சென்று, 1681ஆம் ஆண்டில் நொக்ஸ் வெளியிட்ட நூல் வாயிலாகக் கண்டி நாட்டின் வாழ்வை ஐரோப்பா அறிந்தது. பின்னர் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்துக்காகப் பொருதனர். 1782 என்ற ஓராண்டுக்குள்ளேயே ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். சில மாதங்களிற் பிரான்சியர் மீட்டனர். 1795ஆம் ஆண்டில் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1957ஆம் ஆண்டிலே கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும்வரை, பேரரசின் போர்க்கப்பல்கள் அங்கே நங்கூரம் பாய்ச்சி நின்றன.

மாபெரும் கப்பல்களுக்கெல்லாம் இடங்கொடுத்த அதே நீரின் மறுகரையிலே, பிரசவ வேதனையுற்ற ஒரு பெண் வைத்தியசாலைக்குச் செல்லத் தோணி கிடைக்குமோ கிடையாதோ என்று காத்திருந்தாள். துறைமுக வரலாற்றை எழுதியோர் கப்பல்களை எண்ணினர், தோணிகளை எண்ணினாரில்லை. இங்குள்ள மக்களின் வரலாறு தோணிகளோடு பின்னியது.

பழைய நாளிலே துறைகளை யார் காத்தனர்? கிழக்கிலங்கையிலே திருக்கோயில்களைச் சார்ந்து தொழில்களும் கடமைகளும் வகுக்கப்பட்டிருந்தன. திருக்கோணேச்சரத்தின் தொழும்புகளை இன்னின்னார் செய்தல் வேண்டும் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் விதித்துரைக்கின்றது. ஒரு கருமம் நிலைத்து நிற்க வேண்டுமானால் அதற்கு உரியவர் யார் என்பதை முதலிலே வரையறுத்தல் வேண்டும் என்னும் உண்மையை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர். வெருகற் சித்திரவேலாயுத சுவாமி கோயில் ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது. அதன் திருவிழாவுக்கு வரும் அடியாரும், வடக்கிலிருந்து கால்நடையாகக் கதிர்காமத்துக்குச் செல்லும் யாத்திரிகரும் இவ்வாற்றைக் கடந்தே ஆகவேண்டும். பக்தி அவர்களைக் கரைவரையில் கொணர்ந்தது. அப்பாற் கொண்டு சேர்த்தது ஓடக்காரனின் கோல்.

ஆங்கிலேயர் காலத்திலே துறைகளில் ஆயம் வாங்கப்பட்டது. அவ்வாயத்தைத் திரட்டும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது அக்கால வழக்கம். குத்தகைக்காரர் தாம் கட்டிய பணத்தை மீட்பதிலே கருத்தாயிருப்பர். ஆட்போக்குவரவு மிகுந்த துறைகள் இம்முறையால் ஒருவாறு நடைபெறலாம். ஆட்குறைந்த துறையிலே இலாபம் ஏது? அங்கே பலகை உளுத்தாலும் வடம் நைந்தாலும் கவனிப்பார் இரார். பின்னர் இப்பொறுப்பு பகிரங்க வேலைப் பகுதியைச் சார்ந்தது. இரண்டு வள்ளங்களின்மேற் பலகை பரப்பி, இருகரையிலும் கட்டிய வடத்தை ஆட்கள் பற்றியிழுக்க, மோட்டார் வண்டியையும் ஏற்றிச் சென்றன அக்காலத்துப் பாதைகள். மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குப் புறப்பட்டவர் துறைக்குப் பின் துறையாகக் காத்திருந்து போகவேண்டும். ஒரு துறையிலே பொழுது தாழ்ந்தால், மறு துறையிலே இரவு தங்கவேண்டும். எத்தனை கல் தூரம் என்று அக்காலத்தில் எவரும் கேட்பதில்லை. எத்தனை துறை என்றே கேட்பர்.

நான் இளம் உபாத்தியாயனாகக் கடமையேற்றது யுத்தம் நடைபெற்ற 1990களின் நடுப்பகுதியிலே. அக்காலத்தில் நானும் என் போன்றோரும் ஆறு கடந்தது பெரும்பாலும் சிறு தோணிகளிலேதான். எங்கள் துறையிலே முதியவர் ஒருவர் தோணி விட்டார். அவரை நாங்கள் "அப்பு" என்றே அழைப்போம். தோணியிலே மேலதிகமான கோல் ஒன்றும், கயிற்றுச் சுருள் ஒன்றும், அரிக்கன் விளக்கு ஒன்றும் எப்பொழுதும் இருக்கும். ஆற்று நீரை ஒரு சிரட்டையில் அள்ளிப் பார்ப்பார். நீர் செம்மண் நிறமாயிருந்தால், "மேலே மலையில் மழை, தம்பி, இன்றைக்கு ஏறவேண்டாம்" என்பார். எவர் வற்புறுத்தினும் இணங்கமாட்டார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் எவருமில்லை. ஏறுபவர் கொடுத்ததே ஊதியம். அவர் நோயுற்றுக் கிடந்த நாளிலே துறையும் நோயுற்றுக் கிடந்தது.

அத்தகைய ஒரு மார்கழி மாதத்தை நான் மறக்கவில்லை. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை அந்நாளிலே டிசெம்பர் மாதத்தில் நடைபெறும். வடகீழ்ப் பருவமழை மிகுந்து மகாவலி பெருகும் மாதமும் அதுவே. ஆற்றுக்கு அப்பாலிருந்த பரீட்சை நிலையத்துக்கு எங்கள் மாணவர் தோணியிலே சென்றுவந்தனர். மூன்றாம் நாட்காலையிலே கரைக்குச் சென்றபோது அப்பு வரவில்லை, காய்ச்சல். அவருக்குப் பதிலாக ஒருவரை ஏற்படுத்துவதற்குப் பொறுப்பானவர் யார் என்று விசாரித்தோம். ஓர் அலுவலகத்தார் மற்றோர் அலுவலகத்தைச் சுட்டினர்; அவ்வலுவலகத்தார் முன்னவரையே சுட்டினர். நண்பகலிலே மீனவர் ஒருவர் இரக்கங்கொண்டு தம் வள்ளத்தைத் தந்தார். அதற்குள் கணித வினாத்தாள் முடிந்துவிட்டது. கரையிலே நின்ற மாணவியர் இருவருள் ஒருத்தி மறு ஆண்டிலே தோற்றிச் சித்தியடைந்தாள். மற்றவள் மறுபடி பாடசாலைக்கு வரவில்லை. கணிதத்திலே அவளுக்கு நிகரானவர் அவ்வகுப்பில் இல்லை.

இதனை நான் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. ஆற்றிலே தோணி இருந்தது, கோலும் இருந்தது, கடக்கத் தெரிந்தவரும் ஊரிலே இருந்தனர். "இன்று துறை என் பொறுப்பு" என்று சொல்வதற்கு ஒருவர் இல்லை. துறை என்பது தோணியன்று. நாடோறும் ஒருவர் ஏற்றுக்கொள்ளும் கடமையே துறை. நான் கற்ற பாடம் அதுவே.

யுத்தம் முடிந்தபின் பாலங்கள் எழுந்தன. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. நெடுங்காலம் மிதவைக்காகக் காத்திருந்த இடத்தை இப்பொழுது பஸ்வண்டி சில நிமிடத்திற் கடக்கின்றது. பிரான்சின் உதவியோடு உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் முதலிய இடங்களிலும் 2011ஆம் ஆண்டளவிலே பாலங்கள் நிறைவுற்றன. மட்டக்களப்பிலே மண்முனைத்துறைப் பாதையும் 2014ஆம் ஆண்டிலே யப்பானிய உதவியாற் கட்டப்பட்ட பாலத்துக்கு இடங்கொடுத்து ஓய்வு பெற்றது. இவை பெரும்பேறு என்பதிலே ஐயமில்லை. எங்கள் மாணவர் இன்று ஆற்றை ஓர் இடையூறாகவே அறியார்.

ஆனால் பாலம் வந்துவிட்டால் துறையை மறந்துவிடலாம் என்று எண்ணுவது பிழை. அதனை உணர்த்திய துயரம் கிண்ணியாவிலேயே நிகழ்ந்தது. குறிஞ்சாக்கேணியிலே பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்கள் மிதவையொன்றிலே போய்வந்தனர். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் காலையிலே அம்மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அச்செய்தி கேட்ட அன்று எங்கள் பாடசாலையிலே பாடம் நடைபெறவில்லை. பாலத்துக்குத் திட்டமும் பொறியியலாளரும் காலவரையறையும் இருந்தன. "தற்காலிகம்" என்று பெயரிடப்பட்ட மிதவையிலும் நாள்தோறும் ஏறியவை நிரந்தரமான உயிர்களே. தற்காலிகத் துறைக்கும் எத்தனை பேர் ஏறலாம் என்ற அளவு வேண்டும். மிதப்பு அங்கி வேண்டும். "போதும், இனி ஏறவேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். சிரட்டையில் நீரை அள்ளிப் பார்த்த முதியவரிடம் அவ்வதிகாரம் இருந்தது. சட்டம் கொடுத்ததன்று, அவர் தாமே எடுத்துக்கொண்டது.

பாலமே கட்டமுடியாத இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் இணைக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றுக்கு அப்பால் ஆழக்கடலிலே கிடக்கும் நெடுந்தீவுக்குப் படகு ஒன்றே வழி. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒருமணி நேரப் பிரயாணம். உணவுப் பொருளும் மருந்தும் கடிதமும் ஆசிரியரும் அவ்வழியே வரவேண்டும். அங்கே நெடுங்காலம் உழைத்த "குமுதினி" என்னும் படகின் பெயரைத் தமிழர் மறவார். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், அதிலே சென்ற பிரயாணிகள் பலர் நடுக்கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். அத்துணைத் துயருக்குப் பின்னரும் அதே படகு மீண்டும் ஓடிற்று. மக்களும் மீண்டும் ஏறினர். வேறு வழி இல்லாதவருக்குத் துறை என்பது வசதியன்று, உயிர்நாடி.

2017ஆம் ஆண்டிலே "நெடுந்தாரகை" என்னும் பெரிய படகு அத்தீவுக்கெனக் கிடைத்தது. நல்லதே. ஆயினும் இவ்விடத்திலே ஒரு கணக்கை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். படகு வாங்குதல் ஒருநாட் செலவு; அதனை ஓட்டுதல் அன்றாடச் செலவு. எரிநெய், மாலுமியின் சம்பளம், ஆண்டுதோறும் கரையேற்றி அடிப்பாகம் செப்பனிடுதல், பழுதான உறுப்புக்கு மாற்று, அதுவரை ஓடுவதற்கு இரண்டாவது படகு ஆகிய இவையெல்லாம் கட்டணத்தால் மட்டும் நிறையக்கூடியவை அல்ல. மக்கள் தொகை சிறிதாயின் கட்டணமும் சிறிது, கடலோ சிறிதாவதில்லை. இதனாலேதான் சிறு தீவுகளின் படகுச் சேவையை வியாபாரமாகக் கருதாது, தெருவைப் போலப் பொதுநிதியாற் பேணவேண்டும் என்று பல நாடுகள் கண்டுகொண்டன. தெருவிலே நடப்பவனிடம் நாம் இலாபம் கேட்பதில்லை, படகும் தெருவன்றோ?

2022ஆம் ஆண்டிலே இந்நாட்டில் எரிநெய்ப் பஞ்சம் நேர்ந்தபோது தீவுப் படகுகளும் இடர்ப்பட்டன. அவ்வனுபவம் இன்னொரு வழியையும் சிந்திக்கத் தூண்டுகின்றது. எமக்கு அண்மையிலுள்ள கேரளத்திலே, வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையேயுள்ள காயலில், "ஆதித்யா" என்னும் பெயருடைய படகு 2017ஆம் ஆண்டு முதல் ஓடத் தொடங்கியது. எழுபத்தைந்து பேரைக் கொள்ளும் அப்படகு, கூரைமேல் ஏற்கும் சூரிய ஒளியை மின்னாக்கி, மின்கலத்திற் சேமித்து ஓடுகின்றது. அதனை நடத்துவது அம்மாநிலத்தின் நீர்ப்போக்குவரத்துத் திணைக்களம். நோர்வே நாட்டிலே 2015ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளை ஏற்றும் மின்கலப் படகு ஒன்று சேவைக்கு வந்தது. குறுகிய தூரம், அமைந்த நீர், குறித்த நேரம் ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் இம்முறை நன்கு பொருந்தும். எமது களப்புகளும் ஆற்றுமுகங்களும் கேரளத்துக் காயல்களை ஒத்தவை. வெயிலோ அங்கிருப்பதற்குக் குறைந்ததன்று. திறந்த கடலாகிய நெடுந்தீவுத் துறைக்கு வேறு வகைப் படகு வேண்டியிருக்கலாம். ஆனால் எரிநெய்க்கு வரிசையில் நிற்கும் துறை நம்பத்தக்க துறையாகாது என்பது எல்லாவிடத்துக்கும் பொது.

நேயர்களே, என் பேச்சை நிறைவு செய்யுமுன் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுகின்றேன். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே தித்வாப் புயலோடு பெய்த பெருமழையால் மகாவலி கரைபுரண்டு வந்தது. மூதூரும் வெருகலும் சேருவிலப் பகுதியும் வெள்ளக்காடாயின. அகன்ற தெருக்கள் நீருள் மறைந்தன. எங்கள் நிலம் தன் பழைய உருவத்தை மீண்டும் காட்டிற்று, அது தீவாயிற்று. அந்நாளிலே மக்கள் தேடியது படகையே. கரையிலே கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளங்களை மீனவர் நீரில் இறக்கினர். கோல் ஊன்றத் தெரிந்த முதியோரைத் தேடிச் சென்றோம். சிலரே எஞ்சியிருந்தனர். இளைஞருள் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். நீரோட்டத்திலே தோணி செலுத்தத் தெரியாது.

ஆதலின் ஆற்றுக்கு இருமருங்கும் வாழும் ஊர்களிலே, பாலம் இருப்பினும், நல்ல படகொன்றும் அதனை ஓட்டப் பயின்ற இருவரும் அவர்க்குரிய மாதச் சம்பளமும் மிதப்பு அங்கிகளும் என்றும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். எவரிடம் அப்பொறுப்பு உள்ளது என்பதை ஊரிலுள்ள சிறு பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும். இது பெருஞ்செலவன்று, ஒரு பாலத்தின் கைப்பிடிக்குப் பூசும் வர்ணத்தின் செலவும் ஆகாது.

எங்கள் பாடசாலையிலே நான் ஒரு சிறு முயற்சி தொடங்கியுள்ளேன். மேல்வகுப்பு மாணவர், ஊரிலுள்ள பழைய ஓடக்காரரின் வீடுகளுக்குச் சென்று அவர் சொல்வதை எழுதி வருகின்றனர். எந்த மாதத்தில் முகத்துவாரம் வெட்டுண்ணும், எந்த நிற நீர் ஆபத்து, எத்தனை பேர் ஏறினால் தோணியின் விளிம்பு எவ்வளவு தாழும் என்பன அக்குறிப்பிலே உள்ளன. அப்பு இப்பொழுது இல்லை. அவர் மகன் அந்தச் சிரட்டையை எங்களிடம் தந்தார். அதனை வகுப்பறையிலே வைத்திருக்கின்றோம். மழைக்காலம் தொடங்கியதும் மாணவர் அதனைக் கொண்டுபோய் வெருகலாற்றின் நீரை அள்ளிப் பார்த்து, நிறத்தைக் கரும்பலகையிலே எழுதுகின்றனர்.